ஒரே வண்ணம் பூசிய வரைபடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழோடு வந்த மாணவர் இணைப்பை, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி ஓடிவந்து என்னிடம் நீட்டினாள். "பாட்டி, நீங்கள் வேலை பார்த்த நாடு இதில் வந்திருக்கிறது" என்றாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். நான்காம் பக்கத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஒரே பழுப்பு வண்ணம். ஓரத்தில் மேளம் கொட்டும் ஒருவரின் படம். கீழே பத்துப் பன்னிரண்டு வரிகள். ஆப்பிரிக்க மக்கள் பழங்காலத்தில் காடுகளில் சிறு குழுக்களாக வாழ்ந்தார்கள், ஆப்பிரிக்க மொழி பேசினார்கள், அவர்களுடைய பண்பாடு வெளியுலகத் தொடர்பின்றி மாறாமல் இருந்தது என்பது அவற்றின் சாரம்.

எதிர்ப்பக்கத்தில் சிறுதானியங்களைப் பற்றிய பெட்டிச் செய்தி. கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் இந்த மண்ணிலேயே பிறந்தவை என்று அதில் இருந்தது. அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. தானியத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரைபடம்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. 1978 முதல் 1984 வரை தான்சானியாவின் நடுப்பகுதியில், கொண்டோவாவுக்கும் பாபாட்டிக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் இருந்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தேன். அந்தக் காலத்தில் எத்தியோப்பியா, நைஜீரியா, ஜாம்பியா, தான்சானியா என்று நம் ஊர்களிலிருந்து கணக்கு, அறிவியல், புவியியல் ஆசிரியர்கள் பலர் போனார்கள். போகும்போது என் மனத்திலும் தங்கள் இணைப்பில் இருந்த அதே பழுப்புப் படம்தான் இருந்தது. ஆகவே அந்த வரிகளை எழுதியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதே படம் இன்றும் பிள்ளைகளின் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

என் படம் கலைந்தது பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களை அனுப்புவார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், பேச்செல்லாம் சுவாஹிலியில். அன்று மழை அளவுப் பாடம். பாடத்துக்கு முன் பிள்ளைகளோடு கொஞ்சம் பழகலாம் என்று, "உங்கள் வீட்டு மொழியில் மூன்று என்பதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். சுவாஹிலியில் 'தாத்து' என்பது எனக்குத் தெரியும். சுக்குமா நாட்டுப் பெண் எழுந்து சொன்னது 'தாத்து'வின் சாயலிலேயே இருந்தது. கோகோ பெண் சொன்னதும் அப்படியே. கிளிமஞ்சாரோ மலையிலிருந்து வந்த சாக்கா பெண்ணின் வாயில் அது 'ராரு' என்று திரிந்திருந்தது. ஒலி தேய்ந்தும் மாறியும் இருந்தாலும் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று புரிந்தது. தெலுங்கில் 'மூடு', கன்னடத்தில் 'மூரு' என்று கேட்டு வளர்ந்த கிருஷ்ணகிரிக் காதுக்கு இது பழக்கமான சங்கதி.

அடுத்து இராக்குவ் பெண் எழுந்தாள். 'தாம்' என்றாள். மாசாய் பெண் 'ஊனி' என்றாள். கடைசி வரிசையில் சண்டாவே இனத்துச் சிறுமி ஒருத்தி. அவள் எண்ணைச் சொல்லிவிட்டு, நான் கேட்டதற்காக ஒரு வாக்கியமும் பேசிக் காட்டினாள். வண்டி மாட்டை முடுக்க நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து ஓர் ஒலி எழுப்புவோமே, அது அவளுடைய சொற்களுக்குள்ளே 'க', 'ச' போல ஒரு மெய்யெழுத்தாக உட்கார்ந்திருந்தது. என் சாக்குக்கட்டி கரும்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. அதை எழுத எந்த எழுத்தும் எனக்குத் தெரியவில்லை.

ஒரே வகுப்பறைக்குள் நான்கு மொழிக் குடும்பங்கள். சுக்குமா, கோகோ, சாக்கா, சுவாஹிலி எல்லாம் நைஜர்–காங்கோ குடும்பத்தின் பாண்டு கிளை. இராக்குவ், எத்தியோப்பியாவின் பல மொழிகளையும் அரபையும் பண்டை எகிப்திய மொழியையும் உள்ளடக்கிய ஆப்பிரிக்க–ஆசியக் குடும்பத்தின் குஷைட் கிளை. மாசாய், நைலோ–சஹாரா குடும்பம். நான்காவது, சண்டாவே போல நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் கொண்டவை, சொடுக்கொலி மொழிகள் என்று வசதிக்காகச் சேர்த்துச் சொல்லப்படுபவை. இவற்றுக்கு இடையே உள்ள தூரம் தமிழுக்கும் சீனத்துக்கும் உள்ள தூரம். இந்த நான்கும் ஒரே நாட்டில் சந்திப்பது தான்சானியாவில் மட்டும்தான். ஒரு கண்டத்தில் ஏறக்குறைய 2,000 மொழிகள் இருக்க, 'ஆப்பிரிக்க மொழி' என்று ஒருமையில் எழுதிவிட்டீர்களே ஐயா.

ஏன் அந்த இடத்தில்? அதுதான் புவியியல் கேட்க வேண்டிய கேள்வி. பழுப்பு வண்ணம் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. நிலநடுக்கோடு அதன் இடுப்பில் ஓடுகிறது. நடுவில் மழைக்காடு. அதற்கு வடக்கே போகப் போக மரங்கள் சிதறிய புல்வெளி, பிறகு வறண்ட சாஹேல், பிறகு சஹாரா, கடைசியில் மத்தியதரைக் கடலோரம். தெற்கே போனாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல அதே வரிசை. அதாவது காடு அதன் ஒரு துண்டு மட்டுமே. சஹாரா மட்டும் கண்டத்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 'காடுகளில் வாழ்ந்தார்கள்' என்ற வரி இதனாலேயே நிற்கவில்லை.

அந்தச் சஹாராவும் எப்போதும் மணலாக இருந்ததில்லை. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே மழை பெய்தது. ஏரிகள் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி பீடபூமிப் பாறைகளில் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மாட்டு மந்தைகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. இன்று அங்கே ஆடு மேய்க்கவே நீர் தேட வேண்டும். 1987இல் நைஜீரியாவின் வடகிழக்கில், தூஃபூனா என்னும் ஊரில், மேய்ச்சல்காரர் ஒருவர் கிணறு தோண்டும்போது மரத்தைக் குடைந்து செய்த ஓடம் ஒன்று அகப்பட்டது. வயது சுமார் 8,000 ஆண்டுகள். இன்றைய சாட் ஏரிக்கரை அங்கிருந்து வெகுதூரம். மழை பின்வாங்கியபோது மக்களும் நகர்ந்தார்கள். சிலர் கிழக்கே நைல் ஆற்றங்கரைக்கு, சிலர் தெற்கே புல்வெளிக்கு, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். எகிப்தும் அதற்குத் தெற்கே நூபியாவும் செழித்ததிலும், சாஹேலில் கம்பு பயிரானதிலும், தெற்கே மேய்ச்சல் குடிகள் பரவியதிலும் இந்த வறட்சிக்குப் பங்கு உண்டு. வெளியுலகத் தொடர்பில்லாமல் மாறாமல் இருந்தார்கள் என்று எழுதியவர், அந்த உலகமே அவர்கள் காலடியில் மாறியதை எண்ணிப் பார்க்கவில்லை.

மாடுகள் தெற்கே வந்த கதையை நான் நூலில் படிப்பதற்கு முன்பே ஒரு மாணவி எனக்குச் சொல்லிவிட்டாள். மாசாய் பெண். செரெங்கெட்டியை ஒட்டிய சமவெளியில் மழைக்குப் பின் புல் பச்சைப்பசேல் என்று கிடக்கும்போது தன் தந்தை மாடுகளை அங்கே விடாமல் மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார் என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். நல்ல புல்லை விட்டுவிட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன்.

"ம்வாலிமு, அப்போது அங்கே நியும்பு கன்று போடும். அது கன்று போட்ட இடத்தில் மேய்ந்தால் எங்கள் மாட்டுக்குக் கண் பூத்துப் போகும். பிறகு பிழைக்காது" என்றாள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். நியும்பு என்பது வில்டபீஸ்ட், மாட்டு முகமும் தாடியும் கொண்ட மான் வகை. அந்தக் கன்றுகளிடமிருந்து மாடுகளுக்குத் தொற்றும் வைரஸ் காய்ச்சல் ஒன்று உண்டு என்று கால்நடை மருத்துவமும் சொல்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வட கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரைக்கு 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆடுமாடுகள் வந்துவிட்டன. ஆனால் அதற்குத் தெற்கே, கென்ய மேட்டு நிலத்திலும் செரெங்கெட்டி பக்கத்திலும் மேய்ச்சல் வாழ்க்கை வேரூன்றியது ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான். சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஏன் இத்தனை காலம்? இந்தக் காய்ச்சலையும், செட்சி ஈ பரப்பும் நோயையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் புல்லை விட்டு விலக வேண்டும் என்று மனிதர்கள் கற்றுக்கொள்ளும் வரை மந்தைகள் செத்திருக்கும். அந்த மாணவி ஒரு வரியில் சொன்னது பல தலைமுறைகளாகத் திரண்ட அறிவு. அதைப் 'பழங்குடிப் பழக்கம்' என்று எழுதக் கூடாது.

செட்சி ஈ கண்டத்தின் பெரிய எல்லைக்கல். ஈரமான காடும் புதர்க்காடும் அதன் வீடு. அங்கே பெரும்பாலான மாடுகள் பிழைக்காது, குதிரை பிழைக்காது. மாடு இல்லாத இடத்தில் ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. மண்ணைக் கொத்திப் பயிரிட்டார்கள், சுமையைத் தலையில் தூக்கினார்கள். எத்தியோப்பிய மேட்டு நிலம் குளிர்ந்தது, ஈ அண்டாது, அங்கே எருது பூட்டி உழுதார்கள், தெஃப் என்னும் மிகச்சிறிய தானியத்தைப் பயிரிட்டார்கள். இப்படி ஓர் ஈயின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வைத்தே கீழே வாழ்பவன் உழவனா மேய்ப்பனா என்று சொல்லிவிடலாம். எத்தியோப்பியாவிலிருந்து கென்யா வழியாகத் தான்சானியாவின் நடுப்பகுதி வரை, பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டி, மழை குறைந்த, ஈ தொல்லை குறைந்த ஒரு புல்வெளிப் பாதை இறங்குகிறது. இராக்குவ் பெண்ணின் முன்னோர்களும் மாசாய் பெண்ணின் முன்னோர்களும் வெவ்வேறு காலங்களில் அந்தப் பாதையில் இறங்கியவர்கள். சண்டாவேக்கள் அதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். என் வகுப்பறை இருந்தது அந்தப் பாதையின் தெற்கு முனையில்.

மேற்கிலிருந்து வந்தவர்கள் பாண்டு மொழியினர். இது மனித வரலாற்றின் மிகப் பெரிய இடப்பெயர்ச்சிகளில் ஒன்று, ஆனால் இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாண்டு என்றால் மனிதர்கள் என்று பொருள். சுவாஹிலியில் ஒருவன் 'ம்து', பலர் 'வாது'. ஜூலு மொழியில் 'உமுண்டு', 'அபண்டு'. ஷோனாவில் 'முன்ஹு', 'வன்ஹு'. காங்கோ ஆற்றங்கரையின் லிங்காலாவில் 'மொத்தோ', 'பாத்தோ'. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்பவர்கள் மனிதன் என்பதற்கு ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல்லைச் சொல்கிறார்கள். மொழியியலார் இந்தச் சொற்களை அடுக்கி வைத்துப் பார்த்துத்தான் அவர்கள் புறப்பட்ட இடத்தைக் கண்டார்கள். நைஜீரியாவும் கேமரூனும் சந்திக்கும் மேட்டு நிலம் அது. காலம் 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு.

அது படையெடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கேமரூனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்தது கி.பி. 300, 400 வாக்கில். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர். மகனுக்குக் கல்யாணமாகிறது, பக்கத்துப் பள்ளத்தாக்கில் புதிதாக நிலம் திருத்துகிறான், அவன் மகன் அதற்கடுத்த ஓடையைத் தாண்டுகிறான், அவ்வளவுதான். கையில் வள்ளிக்கிழங்கும் எண்ணெய்ப் பனையும். காங்கோ மழைக்காடு வழியில் நின்றது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு வானிலை வறண்டு, காட்டின் ஊடே புல்வெளித் திட்டுகள் திறந்தபோது நடை வேகம் எடுத்தது. பெரிய ஏரிகள் பக்கம் வந்தபோது அங்கிருந்த அண்டை மக்களிடம் சோளமும் கேழ்வரகும் மாடு வளர்ப்பும் கற்றுக்கொண்டார்கள். விக்டோரியா ஏரிக்கரையில் அவர்கள் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சம் இன்றும் கிடைக்கிறது. புறப்பட்டவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் ஒரே மக்கள் என்று சொல்ல முடியாது. வழியெல்லாம் பயிரும் கருவியும் பெண்ணும் பிள்ளையும் சொல்லும் கொடுத்து வாங்கிக்கொண்டே போனார்கள்.

அதற்குச் சாட்சி ஜூலு, கோசா மொழிகளிலேயே இருக்கிறது. இரண்டும் பாண்டு மொழிகள். ஆனால் என் சண்டாவே மாணவி எழுப்பிய ஒலியைப் போன்ற சொடுக்கொலிகள் இவற்றில் நிறைந்திருக்கின்றன. கோசா என்ற பெயரின் முதல் ஒலியே ஒரு சொடுக்கு, நாம் தமிழில் 'கோ' என்று எழுதுவது வேறு வழியில்லாமல்தான். அந்த ஒலிகள் தென்முனையில் முன்பே வாழ்ந்த கோய்கோய், சான் மக்களுடையவை. தாய்வழி மரபணுக்களும் அதையே காட்டுகின்றன. அந்த மக்களிலிருந்து மணமுடித்து வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் ஒலியையும் சேர்த்தே ஊட்டியிருக்கிறார்கள்.

இந்த நடை எங்கே நின்றது என்பதையும் நிலம்தான் தீர்மானித்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் கோடையில் மழை பெய்கிறது, கேப் முனையில் குளிர்காலத்தில் பெய்கிறது. சோளமும் கம்பும் கோடை மழைப் பயிர்கள். குளிர்கால மழையில் அவை விளையாது. ஆகவே உழவர்கள் கிரேட் ஃபிஷ் ஆற்றுப் பக்கமாக நின்றுவிட்டார்கள். அதற்கு மேற்கே ஆடுமாடு மேய்த்த கோய்கோய் மக்கள் தங்கள் மொழியோடு தொடர்ந்து வாழ்ந்தார்கள். மழை எந்த மாதத்தில் பெய்கிறது என்பது ஒரு மொழியின் எல்லையாகிறது. நான் 30 ஆண்டுகள் நடத்திய பாடத்தில் இதைவிட அழகான எடுத்துக்காட்டு வேறு கண்டதில்லை.

இனப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுக்குமா பெண்ணிடம் அவள் இனத்தின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். "வடக்கு" என்றாள். ஒன்றும் புரியாமல் விழித்தேன். தெற்கே வாழும் நியாம்வேசி மக்கள், தங்களுக்கு வடக்கே இருப்பவர்களை 'வடக்கத்தியார்' என்று சொன்னது அப்படியே பெயராகிவிட்டதாம். முன்னெழுத்தை மட்டும் மாற்றினால் போதும்: ம்சுக்குமா என்றால் அந்த மக்களில் ஒருவர், வாசுக்குமா என்றால் பலர், கிசுக்குமா அவர்கள் பேச்சு, உசுக்குமா அவர்கள் நாடு. ஒரு திசைச் சொல் மக்களாகவும் மொழியாகவும் மண்ணாகவும் ஆகிவிட்டது. இப்படிப் பிறந்த பெயர்களைக் கல்லில் வெட்டிய ஆதி அடையாளங்களாக நம் பாடங்கள் எழுதுகின்றன.

'சுவாஹிலி' என்பதும் அப்படித்தான். கரை என்பதற்கான அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருவக் காற்றில் வந்த வணிகர்களும் கரையில் வாழ்ந்த பாண்டு மொழியினரும் கலந்த ஊர்களின் மொழி. ஆறுக்கும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் அரபு எண்களை எடுத்துக்கொண்டது, ஆனால் மூன்றுக்கு அந்தப் பழைய 'தாத்து'வை விடவில்லை. மணற்கடலின் கரையான சாஹேலுக்கும் அதே வேர்ச்சொல்தான் பெயர்.

1981இல் ஒரு நாள் பள்ளி லாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொலோ என்னும் ஊருக்குப் போனோம். மலைச்சரிவில் கூரைபோல நீண்ட பாறைகள். அவற்றின் அடியில் செந்நிற ஓவியங்கள். உடல் மெலிந்து நீண்ட மனிதர்கள், தலையில் பெரிய கொண்டை போல ஒன்று, ஒட்டகச்சிவிங்கி, மான். சில இடங்களில் அவற்றின்மேல் வெள்ளை நிறத்தில், தடித்த கோடுகளில், பின்னால் வந்தவர்கள் வரைந்த உருவங்கள். செந்நிற ஓவியங்கள் சண்டாவே போன்ற வேட்டைக்குடிகளின் முன்னோர்களுடையவை என்றும், வெள்ளை உருவங்கள் பிறகு வந்த உழவர்களுடையவை என்றும் கருதுகிறார்கள். எங்களோடு வந்த விடுதிச் சமையற்காரப் பெண்மணி ரங்கி இனத்தவர், பாண்டு மொழி பேசும் உழவர் குடும்பம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். மழை தவறும் ஆண்டுகளில் தங்கள் ஊர்ப் பெரியவர்கள் இங்கே ஆட்டைக் கொண்டுவந்து மழை கேட்பார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

வரைந்தவர்கள் ஒரு மொழி, வணங்குபவர்கள் வேறு மொழி. பாறை ஒன்றுதான். யாரும் யாரையும் அழித்துவிட்டு அங்கே நின்றுவிடவில்லை. முன்னால் இருந்தவர்களுக்குத்தான் அந்த மண்ணின் மழையோடு பேசத் தெரியும் என்று பின்னால் வந்தவர்கள் நம்பியிருக்கிறார்கள். என் சண்டாவே மாணவி பாறையைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி நின்று, காற்றில் விரலால் அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தாள். புறப்பட நேரமாகியும் அவளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. 2006இல் யுனெஸ்கோ அந்தப் பாறைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

'சிறு குழுக்களாக' என்ற சொல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் போகாத இடம், படித்ததுதான். மேற்கே மாலி நாட்டில் நைஜர் ஆறு பாலைவன விளிம்பில் கிளை கிளையாகப் பிரிந்து உள்நாட்டிலேயே ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது. அங்கே ஜென்னே-ஜெனோ என்ற நகரம் கி.மு. 250 வாக்கில் தோன்றி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1977 முதல் அகழாய்வு செய்தார்கள். அரண்மனையோ கோட்டையோ அகப்படவில்லை. மேடுகள் கொத்துக் கொத்தாக இருந்தன, கொல்லர் பக்கம் ஒன்று, மற்றத் தொழிலார் பக்கம் ஒன்று என்று. வெள்ளம் ஏறும்போது மீனவருக்கு, வடியும்போது நெல் விதைப்பவருக்கு, முழுக்க வடிந்தபின் மாடு மேய்ப்பவருக்கு என்று ஒரே நிலம் ஆண்டில் மூன்று கை மாறும். அங்கே இன்றும் போஸோ மக்கள் மீன் பிடிக்கிறார்கள், ஃபுலானிகள் மாடுகளை ஆற்றில் இறக்கி அக்கரைக்கு நீந்த விடும் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் விதைத்த நெல்லும் ஆசிய நெல் அல்ல. ஆப்பிரிக்கர்களே அந்த ஆற்றுப் படுகையில் பழக்கிய வேறு இனம். வேற்றுமை அங்கே ஒருவரையொருவர் விலக்கி வைக்கவில்லை. மற்றவன் இல்லாமல் ஆண்டை ஓட்ட முடியாது.

இனி அந்த எதிர்ப்பக்கம்.

தான்சானியா போன முதல் மாதம், உள்ளூர்ச் சந்தையில் ஓர் அம்மாள் அலுமினியத் தட்டில் எதையோ குவித்து வைத்திருந்தார். கடுகைவிடச் சற்றே சிறியது, செம்பழுப்பு நிறம். கையில் அள்ளியதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கேழ்வரகு! எங்கள் வீட்டுக் குதிரில் இருந்த அதே கேழ்வரகு. பெயர் கேட்டேன். "உலேஸி" என்றார். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போய், மாவாக்கி, விடுதி அடுப்பில் களி கிண்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "இது உகாலிதானே!" என்றார்கள். இப்போது அவர்கள் மக்காச்சோள மாவில் உகாலி கிண்டுகிறார்கள், ஆனால் மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த சரக்கு. அதற்கு முன் சோளமும் உலேஸியும்தான். காலையில் உலேஸிக் கஞ்சி குடிப்பார்கள், அதற்கு ஊஜி என்று பெயர். எங்கள் ஊர்க் கூழுக்கும் அதற்கும் ருசியில் வித்தியாசம் காண முடியவில்லை.

எங்கள் ஊர்த் தானியம் இங்கே எப்படி வந்தது என்று சக ஆசிரியையிடம் வியந்து சொன்னேன். அவர் வரலாறு நடத்துபவர், அந்நாட்டுக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இங்கிருந்துதான் உங்களிடம் வந்தது" என்றார். எத்தியோப்பியாவுக்கும் உகாண்டாவுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் ஒரு காட்டுப் புல்லைப் பழக்கி உண்டாக்கிய தானியம் அது. கம்பு, பசுமை வற்றிய சஹாராவின் விளிம்பில், இன்றைய மாலியில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பயிரானது. சோளம் கிழக்கு சூடானில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன். காராமணியும் ஆப்பிரிக்கச் செடி. இவையெல்லாம் இந்தியாவை எட்டி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிகேயிலும் குசெய்ர் அல்-கதீமிலும் தமிழ் பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்ததைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. எழுத வேண்டியதுதான். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கண்டத்திலிருந்து வந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளில் எங்களை உயிரோடு வைத்த தானியத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டாமா?

என் பாட்டி பஞ்ச காலத்துக் கதை சொல்லும்போதெல்லாம், கேழ்வரகு இருந்ததால் பிழைத்தோம் என்பார். அதை முதன்முதலில் ஒரு மலைச்சரிவில் கதிர் கதிராகப் பொறுக்கி அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்து வைத்த கை ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் கையாக இருந்திருக்கும் என்று பாட்டிக்கும் தெரியாது, அந்தச் சந்தையில் நின்றபோது எனக்கும் தெரியாது. தங்கள் இணைப்பின் நான்காம் பக்கம் அந்த மக்களைக் காட்டில் ஒதுக்கிவிட்டது. ஐந்தாம் பக்கம் அவர்கள் விளைத்ததை நம் பேரில் எழுதிக்கொண்டது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே தாளில் பார்த்தபோது மனம் தாங்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வரைபடத்தை மீண்டும் போடுங்கள். மழைப் பட்டைகளுக்கு ஒரு வண்ண வரிசை, மொழிக் குடும்பங்களுக்கு ஒன்று, பாண்டு நடைக்கும் மேய்ச்சல் பாதைக்கும் அம்புக்குறிகள். வரைந்து தர நானே தயார், இன்னும் கை நடுங்கவில்லை. இரண்டாவது, சிறுதானியப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம்.

பேத்தி அந்தப் பெட்டிச் செய்தியை வெட்டித் தன் அறிவியல் நோட்டில் ஒட்டியிருக்கிறாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அதைக் கிழிக்க மறுத்துவிட்டாள். திருத்தம் பத்திரிகையிலேயே வரட்டும், பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன் என்று எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
கிருஷ்ணகிரி.